வளர்க்க வந்த பிள்ளை, பெற்ற வீட்டு உறவு: கைகொடுக்கும் குறிப்புகள்

தோழிகளே, வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளை வந்தாச்சு. குழந்தைகள் நலக் குழுவின் ஆர்டர் கையில் இருக்கிறது, பாய் தலையணை போட்டாச்சு, பள்ளிக்கூடத்திலும் சேர்த்தாச்சு. இனி தினமும் நம் கவனத்தில் இருக்கவேண்டியவை இரண்டு: பிள்ளையின் கதை ஊர் வாயில் விழாமல் காப்பது, பெற்றவர்களோடு அதற்கு உள்ள ஒட்டு அறுந்துபோகாமல் பார்ப்பது. பெரிய செலவில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய வழிகள் நிறைய உண்டு. எங்கள் வீட்டில் பலித்ததையும், இதே பொறுப்பில் இருக்கும் தோழிகள் சொல்லித் தந்ததையும் இங்கே தருகிறேன்.

1. "யாரு இந்தப் பொண்ணு, புதுசா இருக்கே?" என்று எதிர்வீட்டில் கேட்பார்கள், ஒரே வரியில் ஒரு பதிலைத் தயாராக வைத்திருங்கள். "எங்க வீட்டுல இருந்து படிக்கிறா" என்றால் பொய்யும் இல்லை, கதையும் வெளியே போகவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரர், மாமியார், பிள்ளைகள் எல்லோரும் இதே வரியை ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். ஆளுக்கொன்று சொன்னால்தான் சந்தேகம் முளைக்கும்.

2. விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அந்த வரியை அதுவே தேர்ந்தெடுக்கட்டும். பள்ளியில், பஸ்ஸில், விளையாடும் இடத்தில் அந்தக் கேள்வியை அதிகம் கேட்கப்போவது அதனிடம்தான். தனக்குப் பிடித்த வார்த்தையாக இருந்தால் திக்காமல் சொல்லும்.

3. மேலும் மேலும் தோண்டுகிறவர்களிடம் முகத்தைச் சுளிக்கவேண்டாம், அது ஆவலைத்தான் கிளப்பும். "அது இருக்கட்டும்கா, உங்க முழங்கால் வலி தேவலையா?" என்று அவர்கள் பக்கமே பேச்சைத் திருப்பிவிடுங்கள். காபி ஆறுவதற்குள் பிள்ளை விஷயம் மறந்துபோகும்.

4. சட்டமும் இதில் பிள்ளையின் பக்கம்தான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவில், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை பற்றிய விசாரணைச் செய்திகளில் அதன் பெயர், முகவரி, பள்ளி, படம், அடையாளம் காட்டும் வேறு எதுவும் வரக்கூடாது என்று இருக்கிறது. பத்திரிகை, டி.வி. என்பதோடு நிறுத்தாமல் மற்ற தகவல் தொடர்பு வழிகளையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். மீறினால் 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தானே என்று அலட்சியமாக இருந்துவிடவேண்டாம்.

5. சொந்தக்காரர்களிடம் எதைச் சொல்லலாம் என்று குழப்பமா? பிள்ளையின் பெயர், என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், எந்த மருந்து ஒத்துக்காது, இவ்வளவு போதும். ஏன் வந்தது, அப்பா அம்மா எங்கே, கேஸ் என்ன என்பது பாட்டி தாத்தாவுக்குக்கூட வேண்டாம். ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அந்த விவரம் யாருக்கும் உதவாது.

6. ஆர்டர் காப்பி, பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, ஆதார், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே ஜிப் ஃபைலில் போட்டு பீரோ லாக்கரில் வையுங்கள். மேலே பெயர் எழுதாமல் ஒரு கலர் நாடா கட்டினால் உங்களுக்கு மட்டும் அடையாளம் தெரியும். வீடு பெருக்க வருகிறவர், சிலிண்டர் போட வருகிறவர் கண்ணில் படாது.

7. ஜெராக்ஸ் கடைக்கு ஒவ்வொரு தடவையும் ஓடாமல், தேவைப்படும் பக்கங்களை ஒரே நாளில் நாலைந்து செட்டாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோணலாக விழுந்த தாளையும் கேட்டு வாங்கி வாருங்கள். கடையில் விட்டுவந்தால் அது அடுத்தவர் கணக்குப் போடும் துண்டுத்தாளாகிவிடும்.

8. பிள்ளை சம்பந்தப்பட்ட எந்தத் தாளையும் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாதீர்கள். அது கிழிந்து வடையும் சுண்டலும் மடிக்கிற தாளாகத் தெருமுனைக் கடைக்கு வந்துவிடும், பெயரும் முகவரியும் எண்ணெய்க் கறையோடு யார் கைக்கோ போகும். பொடிப்பொடியாகக் கிழித்து ஒரு பழைய வாளியில் இரண்டு நாள் ஊறவையுங்கள். கூழானதும் கையால் பிசைந்து, காயவைத்துக் குப்பையில் போட்டால் ஓர் எழுத்தும் மிஞ்சாது. நெருப்பு மூட்டும் வேலையும் இல்லை, புகையும் இல்லை.

9. பாதுகாப்பு அலுவலர், ஆலோசகர் நம்பர்களை போனில் பதியும்போது பதவியைப் போடாமல் இரண்டெழுத்து இனிஷியலாகப் போடுங்கள். கல்யாண வீட்டில் போன் மேஜைமேல் கிடக்கும்போது திரையில் "குழந்தை பாதுகாப்பு ஆபீஸ்" என்று மின்னினால் சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் செய்தி போய்விடும்.

10. அலுவலகத்திலிருந்து போன் வந்தால் மாடிக்கோ கிணற்றடிக்கோ எழுந்து போய்ப் பேசுங்கள். பக்கத்தில் பிள்ளை தூங்குகிறது என்று நம்பிப் பேசவேண்டாம்; தன்னைப் பற்றிய பேச்சு என்றால் அந்த வயசுக்குக் காது தானாக விழித்துக்கொள்ளும். பஸ்ஸில் வந்தால் "இறங்கிட்டுக் கூப்பிடுறேன் சார்" என்று வைத்துவிடுங்கள்.

11. பிள்ளை படங்களுக்கு போனில் தனி ஆல்பம் போட்டுப் பூட்டி வையுங்கள். படங்கள் தானாகப் போய்ச் சேரும் குடும்பக் கணக்கு எதிலாவது போன் இணைந்திருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள். குடும்ப குரூப்பில் போடும் படம் அரை மணியில் எந்த ஊருக்குப் போகும் என்று யாராலும் சொல்லமுடியாது.

12. வீட்டு விசேஷத்தில் போட்டோக்காரர் வந்தால் பிள்ளையை மட்டும் ஒதுக்கி நிறுத்தவேண்டாம், அது பிள்ளைக்கு வலிக்கும். எல்லோரோடும் நிற்கட்டும், ஆல்பத்திலும் இருக்கட்டும். "ஃபேஸ்புக்கில், கடை வாசல் பேனரில் இந்தப் படங்கள் வேண்டாம்" என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள்.

13. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் தெரிந்தால் போதும். அவர்களிடமும் ஆர்டர் காப்பியைக் காட்டி, அவர்கள் கேட்கும் நகலை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லார் முன்னாடியும் 'ஹோம் பிள்ளை'ன்னு கூப்பிடாம பாத்துக்கங்க டீச்சர்" என்று ஒரு வார்த்தை. பெரும்பாலான ஆசிரியர்கள் மனசாரப் புரிந்துகொள்வார்கள்.

14. வருஷ ஆரம்பத்திலேயே பாடப்புத்தகத்தைப் புரட்டி 'என் குடும்பம்' மாதிரியான பாடம் எங்கே வருகிறது என்று பார்த்துக் குறித்துவையுங்கள். அந்த வாரத்துக்கு முன்பே டீச்சரிடம் சொன்னால், குடும்ப மரத்துக்குப் பதில் 'எனக்குப் பிடித்தவர்கள்' என்று வரையச் சொல்வார். பிள்ளை அன்று காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் உட்காரவேண்டியதில்லை.

15. ஆஸ்பத்திரியில் டோக்கன் போடும் இடத்தில் கதை சொல்லாதீர்கள், பின்னால் வரிசை நிற்கிறது. டாக்டருக்குத் தெரியவேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப்போய் உள்ளே கையில் கொடுங்கள், வரும்போது சீட்டைத் திரும்ப வாங்கி வாருங்கள். நேரமும் மிச்சம், எதையும் விட்டுவிடாமல் சொன்னதாகவும் ஆகும்.

16. பள்ளி விட்டுக் கூட்டிவர உங்களைத் தவிர இன்னும் இரண்டு பேர் பெயரை மட்டும் பள்ளியிலும் வேன்காரரிடமும் கொடுத்துவையுங்கள். பிள்ளையோடு ஒரு ரகசிய வார்த்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த பலகாரத்தின் பெயராக இருந்தால் மறக்காது. அதைச் சொல்லாத யாரோடும், "உங்கம்மா அனுப்பினாங்க" என்று சொன்னாலும், போகக்கூடாது.

17. சொந்தப் பிள்ளைகளுக்கு வாயைக் கட்டிக்கொண்டிருப்பது பெரியவர்களைவிடக் கஷ்டம். "அது அவளோட கதை, அவ விரும்பினா அவளே சொல்லுவா" என்று சொல்லிக்கொடுங்கள். கூடவே, அவர்கள் மனசில் இருப்பதைக் கொட்ட வாரத்தில் ஒரு நாள் அவர்களோடு மட்டும் கடைக்கோ மார்க்கெட்டுக்கோ நடந்து போய்வாருங்கள்.

18. வந்த பிள்ளையே தன் தோழியிடம் சொல்ல ஆசைப்பட்டால் தடுக்கவேண்டாம். எவ்வளவு சொன்னால் பின்னால் சங்கடம் வராது என்று அதோடு உட்கார்ந்து பேசிப் பார்த்து அனுப்புங்கள்.

19. இது கொஞ்சம் கவனமாகப் படிக்கவேண்டிய குறிப்பு. ராத்திரி விளக்கை அணைத்தபிறகு பிள்ளை, "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று ஆரம்பித்தால் அந்தச் சத்தியத்தைப் பண்ணாதீர்கள். "உன்னைக் காப்பாத்த வேண்டியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், வேற யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, குறுக்கே கேள்வி கேட்காமல் கேளுங்கள். பிறகு பிள்ளை சொன்ன அதே வார்த்தைகளில், தேதி நேரத்தோடு எழுதிவைத்துவிட்டு அலுவலருக்குப் போன் செய்யுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 எந்த நேரமும் எடுக்கும். பாலியல் குற்றம் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லவேண்டியது தெரிந்த எவருக்கும் கடமை, மறைப்பதுதான் குற்றம். அங்கே ரகசியம் காப்பது என்பது பக்கத்து வீட்டுக்குச் சொல்லாமல் இருப்பது மட்டுமே.

20. பாதி எழுதிய பழைய டைரிகள் இரண்டை எடுங்கள். ஒன்று அலுவலகத்துக்கு: காய்ச்சல், மார்க், பெற்றவர்களின் விசிட், போன், எல்லாம் தேதியோடு, கண்ணால் பார்த்தது மட்டும். இன்னொன்று பிள்ளைக்கு: முதல் பல் விழுந்தது, சைக்கிள் பழகியது, மழையில் ஆடியது. முதலாவதைப் பூட்டி வையுங்கள், இரண்டாவதைப் பிள்ளை எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கட்டும்.

21. அலுவலக டைரியில் "அம்மாவைப் பார்த்ததால் கெட்டுப்போய்விட்டான்" என்று எழுதுவதற்குப் பதில் "விசிட் முடிந்து வந்து இரவு சாப்பிடவில்லை, இரண்டு முறை எழுந்தான்" என்று எழுதுங்கள். முன்னது நம் எண்ணம், பின்னது குழுவுக்கு உதவுகிற தகவல்.

22. வளர்ப்பு வீட்டைக் குழு மாதாமாதம் பார்வையிடவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஒரு மஞ்சப்பையில் டைரி, பாஸ்புக், மார்க் ஷீட், தடுப்பூசி அட்டை நகல் போட்டு வைத்திருந்தால், வந்தவர்கள் முன்னால் பீரோவைக் கவிழ்த்துத் தேடவேண்டியதில்லை. மிச்சமாகும் நேரத்தில் அவர்கள் பிள்ளையோடு தனியாகப் பேசட்டும், நீங்கள் அடுப்படிக்குப் போய்விடுங்கள்.

23. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் வரும் 4,000 ரூபாயைப் பற்றி வாசலில் பேச்சு வேண்டாம், பிள்ளை காதில் விழும்படியும் வேண்டாம். "காசுக்குத்தானே வச்சிருக்காங்க" என்று யாராவது சொன்னது காதில் விழுந்தால் அந்தப் பிள்ளை சோற்றுத்தட்டில் கை வைக்கவே யோசிக்கும். பில்களை மாதத்துக்கு ஓர் உறையில் போட்டு வையுங்கள், பேச்சில்லாமல் கணக்கு தானே பேசும்.

24. பிறந்தநாளுக்கு அன்னதானம், நோட்டுப்புத்தகம் என்று உதவ வருகிறவர்களிடம் "படம் எடுக்காமல் என்றால் சந்தோஷம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். படம் வேண்டும் என்று அடம்பிடித்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் முகவரியைக் கொடுத்து அங்கே பேசச் சொல்லுங்கள்.

25. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போடுமுன் படங்களை அழித்து, மெமரி கார்டை எடுத்துவிட்டு, ரீசெட் செய்துகொடுங்கள்.

26. பெற்றவர்களின் கதையும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதுதான். அம்மாவின் நோய், அப்பாவின் குடி, ஜெயில், கடன் எதுவும் நம் வாயிலிருந்து வெளியே போகக்கூடாது. நாளைக்கு அந்தப் பிள்ளை திரும்பிப் போய் வாழப்போவது அந்தத் தெருவில்தான்.

இனி, பெற்றவர்கள் வந்து பார்க்கும் நாளுக்கு.

27. பெற்றவர்களால் இப்போதைக்குப் பார்த்துக்கொள்ள முடியாது என்று குழு முடிவுசெய்து பிள்ளையை நம்மிடம் தந்திருந்தாலும், அவர்கள் அவ்வப்போது வந்து பார்க்கச் சட்டத்தின் 44ஆம் பிரிவில் இடம் உண்டு. பிள்ளைக்கு நல்லதில்லை என்று குழு காரணம் எழுதித் தடுத்தால் ஒழிய. ஆகவே எத்தனை நாளுக்கொரு முறை, எங்கே, யார் உடனிருந்து என்பதையெல்லாம் ஆர்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். நாமாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

28. விசிட் நாளைத் தினசரி காலண்டரில் எழுதாமல் ஒரு குங்குமப் பொட்டு வையுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அது ஏதோ விரதநாள்.

29. முந்தின நாள் மாலை அலுவலருக்கு ஒரு போன் போட்டு, அவர்கள் வருவது உறுதிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோச் செலவு மிச்சம் என்பதைவிட, பிள்ளை வாசலைப் பார்த்துக் காத்திருப்பது மிச்சம். சின்னப் பிள்ளைகளுக்கு அன்று காலையில் சொன்னால் போதும். ஒரு வாரம் முன்பே சொன்னால் ஒரு வாரமும் தூக்கம் கெடும்.

30. விசிட்டுக்குப் போகும் பையில் சீப்பு, தேங்காய் எண்ணெய், ரிப்பன் வைத்து அனுப்புங்கள். நான் சொல்வதில் இதுதான் தோழிகளுக்கு அதிகம் பிடித்துப்போன குறிப்பு. அலுவலக அறையில் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் முதல் பத்து நிமிஷம் பேச்சே வராது, சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சீப்பை எடுத்துக் கையில் கொடுத்தால் பிள்ளை தானாகத் திரும்பி முதுகைக் காட்டி உட்காரும், சிக்கெடுக்கும்போது "பேன் இருக்குதாடி?" என்று ஆரம்பித்துப் பேச்சு எங்கேயோ போய்விடும். முகத்துக்கு முகம் பார்க்காமல் பேசுவது இருவருக்கும் லேசு. ஆண்பிள்ளை என்றால் நகவெட்டி.

31. அன்று பிள்ளைக்கு வயிறு முட்ட ஊட்டி அனுப்பவேண்டாம், அரை வயிறு போதும். பெற்றவள் தூக்குவாளியில் ஏதாவது கொண்டுவருவாள். நேற்றைய குழம்பாகவே இருந்தாலும் அதைப் பிள்ளை சாப்பிடுவதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருப்பாள். ஒத்துக்காத பொருள் ஏதும் உண்டென்றால் அலுவலர் மூலம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

32. பெற்றவர்கள் எடுத்துக்கொடுத்த சட்டை சின்னதாகிவிட்டதா? மடிப்பைப் பிரித்து இறக்கி, அக்குளில் ஒரு துண்டுத்துணி வைத்துத் தைத்தால் இன்னும் ஆறுமாதம் தாங்கும். அடுத்த விசிட்டுக்கு அதையே போட்டு அனுப்புங்கள், பார்த்தவுடன் அவர்கள் முகம் மலரும்.

33. பிள்ளை வந்த அன்று உடுத்தியிருந்த துணி, கூடக் கொண்டுவந்த போர்வை, இவற்றை வாங்கியவுடன் ஊறவைக்காதீர்கள். அந்த வீட்டு வாசம் அதில்தான் இருக்கிறது. முதல் சில ராத்திரி அதைக் கட்டிக்கொண்டால்தான் தூக்கம் வரும். அழுக்கு அதிகம் என்றால் ஒரு துண்டை மட்டும் துவைக்காமல் ஒரு கவரில் போட்டு மூடிக் கொடுங்கள்.

34. பெற்றவளை "வாங்க" என்றே கூப்பிடுங்கள், வயசில் சின்னவளாக இருந்தாலும். "உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க" என்று ஒரு செம்புத் தண்ணீர் நீட்டினால் பாதிப் பயம் போய்விடும். பிள்ளை அவளை "அம்மா" என்று கூப்பிடட்டும்; உங்களைப் பெரியம்மா, அத்தை, எது வாயில் வருகிறதோ அது.

35. மலிவு பொம்மை கொண்டுவந்து கொடுத்தால் "ரெண்டு நாள்ல உடைஞ்சிடும்" என்று சொல்லிவிடாதீர்கள். உடைந்தாலும் பசை வைத்து ஒட்டி அலமாரியில் வையுங்கள்.

36. பெற்றவர்களோடு பேசுவதற்கு மட்டும் ஒரு பழைய பட்டன் போனும் தனி சிம்மும் வைத்துக்கொண்டால் உங்கள் சொந்த நம்பர், ஸ்டேட்டஸ் படம், வீட்டு விசேஷம் எல்லாம் அந்தப் பக்கம் தெரியாது. எந்த நம்பரைக் கொடுக்கலாம், முகவரி தெரியலாமா என்பதைக் குழுவிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி, நம் வேலை இடம் இதெல்லாம் பேச்சுவாக்கில்கூட வேண்டாம்.

37. போனில் பிள்ளைகள் "ம்", "சரி" என்று நிறுத்திக்கொள்வார்கள். 'அம்மாகிட்ட சொல்ல' என்று ஒரு சின்ன நோட்டில் அந்த வாரச் சங்கதிகளைப் படமாகவோ ஒரு சொல்லாகவோ குறிக்கச் சொல்லுங்கள்: பூனைக்குட்டி, கணக்கு மார்க், விழுந்த பல். கையில் நோட்டு இருந்தால் பேச்சு நீளும்.

38. படம் கொடுப்பதென்றால் வெள்ளைச் சுவர் பின்னால் இருக்க, யூனிபார்ம் இல்லாமல் எடுங்கள். தெருப்பலகை, பள்ளி பேட்ஜ் தெரியக்கூடாது. மார்க் ஷீட் நகல் என்றால் மேலே பள்ளிப் பெயர் இருக்கும் பட்டையைக் கத்தரித்துவிட்டு, அலுவலர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

39. பிள்ளை படம் வரையும்போது இரண்டு தாள் வைத்து நடுவில் கார்பன் போட்டுக்கொடுங்கள். ஒன்று நம் வீட்டுச் சுவருக்கு, இன்னொன்று பெற்ற வீட்டுச் சுவருக்கு.

40. கூடப்பிறந்தவர்களைக் கூடியவரை ஒரே வீட்டில் வைக்கவேண்டும் என்பது சட்டம். இடமில்லாமல் வேறு வேறு வீட்டில் இருந்தால், பெற்றவர்கள் வரும் அதே நாளில் எல்லோரையும் சேர்க்கமுடியுமா என்று கேளுங்கள். ஒரே அலைச்சலில் அண்ணன் தங்கை முகமும் பார்த்த மாதிரி.

41. "எங்கம்மா வைக்கிற மீன்குழம்பு இப்படி இருக்காது" என்று பிள்ளை தட்டைத் தள்ளினால் வருத்தப்படவேண்டாம். அடுத்த விசிட்டில் பக்குவத்தைக் கேட்டு எழுதி வந்துவிடுங்கள். புளி எவ்வளவு, தேங்காய் அரைப்பதா வேண்டாமா, மாங்காய் போடுவதா என்று. கேட்கப்படுவதே அந்தத் தாய்க்குப் பெரிய மரியாதை, உங்களுக்கும் தட்டு காலியாகும்.

42. ரம்ஜானோ கிறிஸ்துமஸோ குலதெய்வப் பொங்கலோ, பிள்ளை எந்த வழக்கத்தில் வளர்ந்தது என்று கேட்டு அதைத் தொடருங்கள். மொட்டை போடுவது, காது குத்துவது, பெயரை மாற்றுவது எதையும் நம் வேண்டுதலுக்காகச் செய்யக்கூடாது. பெற்றவர்களைக் கேட்டு, குழுவையும் கேட்டுத்தான்.

43. ஆபரேஷன் என்று வந்தால் யார் கையெழுத்துப் போடவேண்டும் என்பதைப் பிள்ளை நன்றாக இருக்கும்போதே அலுவலரிடம் கேட்டு ஃபைலின் உட்பக்கம் எழுதி ஒட்டிவையுங்கள்.

44. சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நிற்கிறார்களா? கத்தவேண்டாம், ஊர் கூடும். பிள்ளையை உள் அறைக்கு அனுப்பிவிட்டு, தண்ணீர் கொடுத்து, "இப்ப பாக்க எனக்கு அனுமதி இல்லம்மா, ஆபீஸ்ல கேட்டு நாள் வாங்கித் தரச்சொல்றேன்" என்று அவர்கள் எதிரிலேயே அலுவலருக்குப் போன் போடுங்கள். கையை மீறினால் 1098 அல்லது அவசர எண் 112.

45. பெற்றவர்களோடு பணக் கொடுக்கல் வாங்கல் வேண்டாம், பத்து ரூபாய் கூட. பஸ் காசில்லாமல்தான் வரமுடியவில்லை என்று தெரிந்தால் அதை அலுவலரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் வேறு இடம் பார்க்கவோ வேறு வழி செய்யவோ அவர்களால் முடியும்.

46. விசிட் முடிந்து வந்த ராத்திரி பெரும்பாலும் கரடுமுரடாகத்தான் இருக்கும். கத்தும், சாப்பிடாது, காரணமில்லாமலே அடிக்கும், நனைக்காத பிள்ளை படுக்கையை நனைக்கும். அன்று மதியமே பாய்க்கு அடியில் ரப்பர் ஷீட் விரித்துவிடுங்கள், ராத்திரிக்கு ரசம்சாதமும் சுட்ட அப்பளமும் போதும், வீட்டுப்பாடத்துக்கு அன்று லீவு. "என்ன பேசினாங்க, என்ன கேட்டாங்க?" என்று விசாரிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆயுங்கள், சொல்ல இருந்தால் வரும். இதை வைத்து "விசிட்டே வேண்டாம்" என்று முடிவுகட்டவும் கூடாது. அழுவது பிரிவுக்காக, அந்த அழுகை வெளியே வருவது நல்லதுதான். ஒவ்வொரு முறையும் அதிகமாகிக்கொண்டே போனால் டைரியைக் காட்டி அலுவலரிடம் பேசுங்கள்.

47. வரவேண்டியவர்கள் வரவில்லை என்றால் "பஸ் கிடைக்கலையாம்" என்று கற்பனைக் காரணம் சொல்லவேண்டாம். "இன்னைக்கு வரமுடியல, ஏன்னு எனக்கும் தெரியல, உனக்குக் கஷ்டமா இருக்கும்" என்பது போதும். அன்று சாயங்காலம் தோசை மாவில் யானை, மீன் என்று பிள்ளையே ஊற்றட்டும்.

48. பிள்ளை பெற்றவர்களைத் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் ஒத்து ஊதாதீர்கள். நாளைக்கு அதே பிள்ளை "எங்கம்மாவை நீங்களும் திட்டினீங்க" என்று நினைவில் வைத்திருக்கும்.

49. "நீ எப்பவும் இங்கேதான்" என்றும் சொல்லாதீர்கள், "அம்மா சீக்கிரம் வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்றும் சொல்லாதீர்கள். "குழு முடிவு பண்ணுவாங்க. அதுவரைக்கும் உன் தட்டு இது, உன் பாய் அது" என்பதே பிள்ளைக்குப் பிடிமானம்.

50. வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த குடும்பமே தத்தெடுக்க விண்ணப்பிக்கும் காலம், 2024ஆம் ஆண்டின் புதிய வழிகாட்டுதலில் 5 வருஷத்திலிருந்து 2 வருஷமாகக் குறைந்திருக்கிறது. அதுவும் சட்டப்படி தத்துக்கு உரிய பிள்ளை என்று குழு அறிவித்திருந்தால்தான். இந்தப் பேச்சை அலுவலரோடு வைத்துக்கொள்ளுங்கள். விசிட்டில் பெற்றவள் காதுபட எடுக்கவே எடுக்காதீர்கள்.

51. திரும்பிப் போகும் நாள் குறித்தாயிற்றா? துணிகளைக் கோணியில் கட்டாமல் ஒரு ட்ரங்குப் பெட்டியிலோ நல்ல பையிலோ மடித்து வையுங்கள். பரணில் கிடக்கும் பழைய பெட்டிக்குப் பெயிண்ட் அடித்தால் புதுசு. பிள்ளையின் டைரி, அச்சுப்போட்ட படங்கள், ஒட்டிய பொம்மை எல்லாம் அதோடு போகட்டும்.

52. பெற்றவளுக்கு ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுங்கள்: தூங்கும்போது சின்ன விளக்கு வேண்டும், இடிச்சத்தத்துக்குப் பயம், கத்தரிக்காய் இப்போது சாப்பிடுகிறது, செருப்பு அளவு இது. படிக்கத் தெரியாதவர் என்றால் வாயால் நிதானமாகச் சொல்லுங்கள், அலுவலரும் கூட இருக்கட்டும்.

53. அலுவலக டைரி, ஆர்டர், மருத்துவத் தாள்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு அலுவலரிடம் ஒப்படைத்து, பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். போனில் இருக்கும் படங்களில் எதை வைத்துக்கொள்ளலாம் என்றும் கேட்டுவிடுங்கள். நம் வீட்டில் இருந்தபோது தெரிந்தது எதுவும் பிள்ளை போனபிறகும் வெளியே பேசுவதற்கில்லை.

54. போன சில நாளில் அந்தப் பட்டன் போன் அடிக்கும்: இருமலுக்கு நீங்கள் வைத்த கஷாயத்தில் மிளகு எத்தனை என்று பெற்றவள் கேட்பாள். சிம்மை உடனே எடுத்துவிடாமல் கொஞ்ச காலம் உயிரோடு வைத்திருங்கள். பொறுமையாகப் பக்குவம் சொல்லுங்கள், போன் வந்ததை அலுவலர் காதிலும் போட்டுவையுங்கள்.